இழுப்பறையின் ஓட்டம்

வீட்டிலுள்ள மரச்சாமான்களுள் பெரும்பாலானவை வைத்த இடத்தில் அசையாமல் நின்றாலே தம் கடமையைச் செய்தவை ஆகின்றன. கட்டிலும் பெஞ்சும் பாரத்தைத் தாங்கினால் போதும். கதவும் ஜன்னலும் அசைகின்றன என்றாலும், அவற்றின் அசைவு முழுவதையும் இரும்புக் கீலோ பித்தளைக் கீலோ தன்மேல் ஏற்றுக்கொண்டு விடுகிறது. இழுப்பறை ஒன்றுதான், தன் உடம்பு முழுவதையும் இன்னொரு மரக்கூட்டின் வயிற்றுக்குள் நுழைத்து, மரத்தின்மேல் மரமாகவே உராய்ந்து, நாளொன்றுக்குப் பத்துத் தடவையோ, கடைக் கல்லாவாக இருந்தால் நூறு தடவையோ, வெளியே வந்து உள்ளே போகவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறது. ஆகையால், ஒரு தச்சருடைய கைத்திறமையை அறிய விரும்புகிறவர்கள் முகப்பின் பளபளப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், சுண்டுவிரலைக் குமிழில் மாட்டி இழுப்பறையை ஒருமுறை இழுத்துவிட்டுப் பார்ப்பது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம்.

நமக்கு இந்தச் சாமான் பிற்காலத்தில் வந்தது என்பதற்குப் பெயர்களே சாக்ஷி சொல்கின்றன. பெட்டி, பேழை, பெட்டகம் எல்லாம் மேலே மூடி திறந்து கையை உள்ளே விட்டு எடுக்கிற வகையைச் சேர்ந்தவை. மேசை என்ற சொல்லும் அலமாரி என்ற சொல்லும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர் இழுப்பறையை லாச்சி என்று சொல்வது, 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் பாஷையிலிருந்து வந்தது. நாம் பேச்சில் டிராயர் என்கிறோம். பெயர் கடலுக்கு அப்பாலிருந்து வந்திருந்தாலும், நம் தேசத்துத் தேக்கும், நம் தேசத்து அரக்கும், நம் தேசத்து மழையும் சேர்ந்து இந்தச் சாமானுக்கு இங்கே ஒரு தனி விசாரணையை அவசியமாக்கியிருக்கின்றன.

எஃகுக் குண்டுகள் உருளும் இரும்புத் தண்டவாளங்களைத் திருகாணியால் முடுக்கி ஓடவிடுகிற இக்கால இழுப்பறைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. கையால் சீவி, புறாவால் பூட்டுப் போட்டுச் சேர்த்து, மரத்தின்மேல் மரமாக ஓடும் இழுப்பறை, வருஷம் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக ஓடுவதற்கு அதன் பரப்புகளை எப்படி முடிக்கவேண்டும், எதைப் பூசவேண்டும், எங்கே ஒன்றும் பூசாமல் விடவேண்டும் என்பதே விஷயம். வார்னிஷை உள்ளும் புறமும் பூசிவிட வேண்டும் என்பாரும், ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது என்பாரும், மெழுகுவர்த்தி ஒன்றே போதும் என்பாரும், சோப்புக் கட்டியே மேல் என்பாருமாக அபிப்பிராயங்கள் பலவாக இருக்கின்றன. நான் நெடுநாள் பார்த்தும் செய்தும் அடைந்த முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் முக்கால் பங்கு, எதையும் பூசுவதற்கு முன்பே இழைப்புளியாலும் இடைவெளியாலும் தீர்மானமாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் கால் பங்கில், பூசுவதற்கு உரிய இடங்களைக் காட்டிலும் பூசாமல் விடுவதற்கு உரிய இடங்களை அறிவதே பெரிய காரியம்.

என் தகப்பனாரின் எழுத்து மேசையிலிருந்து இந்த விசாரணை எனக்குத் தொடங்கியது. ஐந்து அங்குல உயரமுள்ள தேக்கு இழுப்பறை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. சித்திரையில் ஒரு விரலுக்கு ஓடிவந்த மேல் இழுப்பறை, ஐப்பசி அடைமழையில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாலும் வராமல் பிடித்துக்கொண்டது. அழைத்து வந்த கிழ ஆசாரி, கீழ் இழுப்பறையை எடுத்துவிட்டு அந்தக் காலி இடத்தின் வழியாகக் கையை விட்டு மேலதைப் பின்னிருந்து தள்ளி வெளியே எடுத்தார். உடனே இழைப்புளியைத் தொடவில்லை. இழுப்பறையை ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, பக்கப்பலகையின் மேல்விளிம்பைக் கண்ணோடு கண்ணாக வைத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில், பின்முனைக்கு இரண்டு சாண் முன்பாக, இரண்டு விரல் அகலத்துக்கு மரம் தேய்த்து விளக்கிய செம்பைப் போல மின்னியது. "இங்கேதான் பிடிக்குது, பாருங்க தம்பி" என்று காட்டிவிட்டு, அந்த இடத்தை மட்டும் வெங்காயத்தோல் போன்ற இரண்டு சீவல் எடுத்தார். முழுவதும் இழைத்துவிடலாமே என்று நான் கேட்டபோது, "இப்போ இழைச்சுக் கொடுத்தா இன்னைக்கு நல்லா ஓடும், சித்திரையிலே லொடலொடன்னு ஆடும். மரம் குடிச்ச தண்ணியை நான் சீவி எடுக்கக்கூடாது" என்றார். பிறகு பூஜை அறையிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கி விளிம்புகளில் தேய்த்து, அடிப்பலகையில் பென்சிலால் ஒரு கோடிட்டு, அதன் பக்கத்தில் 'ஐப்பசி' என்று எழுதிவைத்துப் போனார்.

அவர் சொன்ன வார்த்தையில் மரசாஸ்திரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அறுத்து உலர்த்திய பலகையும் ஒருநாளும் முற்றிலும் உலர்ந்ததாக இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு இசைந்தபடி குடிப்பதும் விடுவதுமாகவே அதன் ஆயுள் முழுவதும் கழிகிறது. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 30 ஆக இருந்தால் மரத்தின் எடையில் நூற்றுக்கு 6 பங்கு அளவும், காற்றில் 80 ஆக இருந்தால் ஏறத்தாழ 16 பங்கு அளவும் நீர் தங்கும். இந்த ஏற்றத்தாழ்வினால் மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பெருப்பதில்லை என்பதுதான் இழுப்பறைக்காரருக்கு ஜீவநாடியான செய்தி. நார் ஓடும் நீளவாக்கில் மாறுதல் இல்லை என்றே சொல்லிவிடலாம். குறுக்கே மட்டும் மாறுகிறது. அதிலும், பலகையின் முனையைத் திருப்பிப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் படுத்துக் கிடக்கும் பலகை, வளையங்கள் நிமிர்ந்து நிற்கும் பலகையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருத்துச் சுருங்குகிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை கணக்கிட்டால், தேக்கு வளையத்தின் போக்கிலே நூற்றுக்கு ஐந்தரை பங்கு அளவும், வளையத்தைக் குறுக்கிட்ட போக்கிலே இரண்டரை பங்கு அளவும் சுருங்கும். ஆங்கிலத் தச்சர்கள் போற்றும் வெள்ளை ஓக் மரமோ வளையத்தின் போக்கிலே பத்துப் பங்குக்கும் மேல் சுருங்குகிறது. தேக்கு சிறந்தது என்று நம்மவர் சொல்வது வெறும் அபிமானம் இல்லை.

இதை இழுப்பறையின்மேல் வைத்துப் பார்த்தால் கணக்கு கண்ணுக்கு முன்னே நிற்கிறது. ஆறு அங்குல உயரமுள்ள பக்கப்பலகை, வளையம் படுத்த தேக்காக இருந்து, வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் இடையே அதன் ஈரம் நூற்றுக்கு 5 பங்கு மாறினால், உயரத்தில் ஏறத்தாழ அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிடும். அதே பலகை வளையம் நிமிர்ந்ததாக இருந்தால் அதில் பாதிகூட இராது. ஆனால் இழுப்பறையின் அகலமோ முகப்புப் பலகையின் நீளத்தால் அமைவது. நீளவாக்கில் மரம் மாறாது. பக்கப்பலகைகளின் கனம் மூன்று நான்கு நூல்தான் என்பதால் அதன் மாறுதலும் அற்பம். ஆகவே இடமும் வலமும் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விட்டால் பன்னிரண்டு மாதமும் போதும். மேலே விடும் இடைவெளிக்குத்தான் பஞ்சாங்கம் பார்க்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பொருத்துகிறவர் மயிரிழை விட்டால் போதும், அதற்குமேல் மரம் பெருக்கப்போவதில்லை. பங்குனி சித்திரையில் பொருத்துகிறவர், வரப்போகும் மழையை மனத்திலே வைத்து, மேலே அரை நூல் விடவேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டுவிட்டு, பக்கங்களில் ஆடுகிறது, மேலே பிடிக்கிறது என்று இரண்டு குறையையும் ஒரே இழுப்பறையில் அடைகிறவர்கள் இந்தப் பேதத்தை அறியாதவர்கள்.

இதே நியாயத்தை அடிப்பலகைக்கும் பொருத்திப் பார்க்கலாம். அதன் நார் முன்னிருந்து பின்னாக ஓடினால், மழையில் அது பக்கவாட்டில் பெருத்து இரண்டு பக்கப்பலகைகளையும் வெளியே தள்ளும்; எவ்வளவு மெழுகு தேய்த்தாலும் அந்தப் பிடிப்பு விடாது. நார் இடமிருந்து வலமாக ஓடும்படி வைத்து, பள்ளத்திலே பசை இல்லாமல் செருகி, பின்பலகைக்கு அடியில் வெளியே நீள இடம் கொடுத்துவிட்டால், பெருப்பு முழுவதும் யாருக்கும் தொந்தரவில்லாமல் பின்னால் போய்விடும். ஆங்கில நாட்டிலேயே 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அடிப்பலகையின் நாரை முன்பின்னாகவே வைத்து வந்தார்கள். பிறகுதான் குறுக்காக வைக்கும் வழக்கம் நிலைத்தது. பழஞ்சாமான் வியாபாரிகள் இழுப்பறையைக் கவிழ்த்து வயசு சொல்வதற்கு இது ஓர் அடையாளம். கூட்டின் பக்கங்கள் நின்ற நாருள்ள அகன்ற பலகைகளாக இருந்தால், அவை முன்பின்னாக அகன்று சுருங்கும். அவற்றோடு சேர்த்த, இழுப்பறையைத் தாங்கும் ஓடுசட்டமோ நீளவாக்கில் மாறாதது. இரண்டையும் முழு நீளத்துக்குப் பசைபோட்டு ஒட்டினால் கூடு வெடிக்கும். முன்முனையை மட்டும் ஒட்டிப் பின்முனையை நழுவ விடுவதே முறை.

உராய்வைப் பற்றி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு ராணுவ இஞ்சினீயர் கூலும். அவர் ரோஷ்ஃபோர் கப்பற்படைத் துறைமுகத்தில், ஓக் மரத்தின்மேல் ஓக் மரத்தை இழுத்தும், இடையிலே மிருகக் கொழுப்பைத் தடவி இழுத்தும் செய்த பரிசோதனைகளுக்கு 1781 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசு கிடைத்தது. மரத்தின்மேல் மரம் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கிளப்ப ஆரம்பத்தில் அதிக பலம் வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட விசேஷங்களுள் ஒன்று. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து இழுப்பறையைத் திறக்கிறபோது முதல் இழுப்பு முரண்டுபிடிப்பதற்கு ஈரத்தோடு இதுவும் ஒரு காரணம்.

அகலமான இழுப்பறை கோணிக்கொண்டு சிக்குவதற்கும் உராய்வுதான் காரணம். குமிழை நடுவிலே பிடித்து இழுக்காமல் ஓரத்திலே பிடித்து இழுத்தால், இழுப்பறை சற்றே திரும்பி, ஒரு பக்கத்தில் முன்மூலையும் மறுபக்கத்தில் பின்மூலையும் கூட்டை அழுத்தும். இழுக்கிற பலம் கூடக்கூட அந்த அழுத்தமும் கூடும். பக்கங்களின் உராய்வை மட்டும் கொண்டு கணக்குப் போட்டால், இழுப்பறையின் முன்பின் நீளத்தை உராய்வு எண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வருகிற தூரத்துக்கு அப்பால், நடுவிலிருந்து விலகிப் பிடித்து இழுக்கும்போது, பீமனே வந்து இழுத்தாலும் அது நகராது. காய்ந்த மரத்துக்கு உராய்வு எண் அரை வரை போகும். மெழுகிட்ட மரத்துக்கு ஐந்தில் ஒன்று என்று கொள்ளலாம். மூன்று அடி அகலமும் ஓர் அடி நீளமும் உள்ள இழுப்பறைக்கு, நடுவிலிருந்து 14 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மெழுகில்லாத நிலையில் எல்லைத் தூரம் 12 அங்குலம். ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்தால் அது நிச்சயமாகப் பூட்டிக்கொள்ளும். மெழுகிட்டபின் எல்லை 30 அங்குலமாகிறது. இழுப்பறையின் ஓரமே நடுவிலிருந்து 18 அங்குலம்தான். ஆகையால் எங்கே பிடித்து இழுத்தாலும் வந்துவிடும். ஒரு காசுக்கு வாங்கிய மெழுகு இவ்வளவு செய்கிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. ஆனாலும் புதிதாகச் செய்கிறவர் முன்பின் நீளம் அகலத்தைவிட அதிகமாக இருக்கும்படி திட்டமிட்டால் இந்த உபத்திரவத்தின் பக்கமே போகவேண்டியதில்லை.

மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் இந்த விஷயத்தில் மனிதர் செய்த யுக்திகள் பல. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தச்சர்கள் தடித்த பக்கப்பலகையிலே பள்ளம் வெட்டி, கூட்டில் அறைந்த சட்டத்தின்மேல் இழுப்பறையைத் தொங்கவிட்டார்கள். பின்னர் பலகை மெலிந்து, இழுப்பறை தன் கீழ்விளிம்பின்மேலேயே ஓடத் தொடங்கியது. மெலிந்த விளிம்பு கத்தி போல ஓடுசட்டத்தை அறுப்பதைக் கண்டு, உட்புறமாக ஒரு சிறு சட்டத்தை ஒட்டி விளிம்பை அகலப்படுத்தினார்கள். ஸ்டாக்ஹோமிலுள்ள நோர்டிஸ்கா கொம்பானியெட் என்னும் ஸ்தாபனத்தின் பெயரால் என்.கே. இழுப்பறை என்று வழங்கும் வகையிலே, பெட்டியின் உடல் கூட்டைத் தொடுவதே இல்லை. அடியிலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சட்டங்கள் மட்டுமே கூட்டைத் தொட்டு ஓடுகின்றன. ஹாம்ப்ஷயரில் எட்வர்ட் பார்ன்ஸ்லியின் பட்டறையில் தொழில் பயின்ற ஆலன் பீட்டர்ஸ் இந்த வகையை ஆங்கில நாட்டில் பரப்பியவர்களுள் ஒருவர். தொடாத பக்கத்துக்கு எந்தப் பூச்சைப் பூசினாலும் ஓட்டம் கெடாது என்பது இதன் பெரிய சௌகரியம்.

ஆனால் மனத்தை முற்றிலும் கவர்வது ஜப்பானியரின் கிரி மர அலமாரி. நீகாதா மாகாணத்துக் காமோ நகரமும், சாய்தாமா மாகாணத்துக் கசுகாபே நகரமும் இதற்குப் பெயர்பெற்றவை. கிரி அத்தேசத்து மரங்களுள் மிகவும் லேசானது; பெருப்பதும் சுருங்குவதும் குறைவு. பெண் குழந்தை பிறந்தால் ஒரு கிரிக் கன்றை நட்டு, அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டி அலமாரி செய்து சீராக அனுப்பும் வழக்கம் இருந்தது என்பார்கள். நல்ல கிரி அலமாரியில் ஓர் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல், மூடியிருந்த இன்னோர் இழுப்பறையை வெளியே தள்ளிவிடும்; இடைவெளி அவ்வளவு நுண்மையானது. இவ்வளவு நெருங்கப் பொருத்திய இழுப்பறைக்கு அவர்கள் வார்னிஷ் பூசுவதில்லை. புல்வேரால் கட்டிய குச்சத்தால் பரப்பை அழுத்தித் தேய்த்து, மண்பொடியும் மரக்காய்ச் சாயமும் கலந்து முகப்பிலே பூசி, இபோத்தா என்னும் பூச்சி மெழுகால் மினுக்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மரம் சற்றே பெருத்து வாயை அடைத்துக்கொள்வதால், உள்ளே உள்ள பட்டுத் துணிக்கு ஈரம் எட்டுவதில்லை. நாம் குறையென்று நினைக்கும் பெருப்பையே அவர்கள் காவலாக்கிக்கொண்டது நுட்பமான புத்தி.

இனி, பூச்சுக்கு வருவோம். வார்னிஷை எல்லா இடத்திலும் பூசவேண்டும் என்பாரின் வாதம் எளிமையானது: பூச்சு ஈரத்தைத் தடுக்கிறது, ஈரம் தடுக்கப்பட்டால் மரம் பெருக்காது. இதிலே பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பூச்சும் ஈரத்தை நிறுத்திவிடுவதில்லை. அதன் வரவையும் போக்கையும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ஒரு நாள் மழையை அது மறைக்கும். இரண்டு மாத அடைமழையை மறைக்காது. இதற்கு ஈடாக நாம் கொடுக்கும் விலையோ பெரிது. தூரிகையால் பூசும் வார்னிஷ் ஒரு பூச்சுக்கு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனம் ஏறுகிறது என்று வைத்தாலும், இரண்டு பக்கத்துக்கும் மும்மூன்று பூச்சுப் பூசினால், ஒரு காகிதத்தின் கனம் போய்விடுகிறது; பக்கங்களில் நாம் விட்டதே காகித இடைவெளிதான். அதோடு, வழவழப்பான இரண்டு பூச்சுப் பரப்புகள் புழுக்கத்தில் நெடுநேரம் ஒன்றையொன்று அழுத்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும் ஸ்வபாவம் உடையவை. ஒரு சமயம் நான் ஒரு கடையில் வாங்கிய புத்தக அலமாரியின் அடியிலிருந்த இழுப்பறைகளுக்கு உள்ளும் புறமும் விளிம்பும் பாக்கியில்லாமல் எண்ணெய் வார்னிஷ் பூசியிருந்தார்கள். மழைக்காலத்தில் திறக்கும்போதெல்லாம் மருத்துவர் பிளாஸ்திரியை உரிப்பது போன்ற சப்தம் கேட்கும். அதைவிடத் துயரம், அதில் வைத்திருந்த பழைய கடிதங்களுக்கு ஏறிய நாற்றம்; பல வருஷங்களுக்குப் பின்னும் உறையைப் பிரித்தால் அம்மாவின் கையெழுத்துக்கு முன்னால் அந்தக் காறல்தான் வந்து எதிர்கொள்கிறது.

ஆளிவிதை எண்ணெயும் அதைக் கொண்டு செய்த வார்னிஷும் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து உலர்பவை. மூடிய இழுப்பறைக்குள் காற்றோட்டம் இல்லாததால், உலர்வது மாதக்கணக்கில் நீள்கிறது. உலரும்போது வெளிவரும் ஆவியும் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கித் துணியிலும் காகிதத்திலும் ஏறுகிறது. ஈரத்தடுப்பிலாவது எண்ணெய்க்குச் சக்தி உண்டா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் மாடிசன் நகரத்தில் 1910 இல் ஏற்பட்ட வனப்பொருள் ஆராய்ச்சிசாலையில் பூச்சுகளின் ஈரத்தடுப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெறும் ஆளிவிதை எண்ணெய் மிகவும் கடைசியிலும், உருக்கிய பாரஃபின் மெழுகு முன்வரிசையிலும் நின்றன. அரக்குக்குக் கௌரவமான இடம் கிடைத்தது. முகப்புக்கு எண்ணெய் அழகு தரும், தாராளமாகப் பூசலாம். உள்ளே அதைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அரக்கின் பெருமையை நாமே போதிய அளவு உணரவில்லை. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளையில் ஒரு சிறு பூச்சி சுரந்து கட்டும் பிசின் இது. ராஞ்சியில் இதற்கென்றே 1924 இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஸ்பிரிட்டிலே கரைத்த அரக்கு சில நிமிஷங்களில் உலர்ந்துவிடுகிறது. ஸ்பிரிட் பறந்தபின் நாற்றம் ஏதும் மிஞ்சுவதில்லை. நீராவியைத் தடுப்பதில் இயற்கைப் பூச்சுகளுள் இதற்குச் சமானம் அரிது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 120 கிராம் அரக்குச் சில்லு என்ற கணக்கில் நீர்க்கக் கரைத்து, இழுப்பறையின் உட்புறம் முழுவதும் துணிப்பொட்டணத்தால் ஓரிரு பூச்சு விட்டால் போதுமானது. பக்கப்பலகையின் வெளிப்புறத்துக்கு? இங்கே நிபுணர்களே பிரிந்து நிற்கிறார்கள். வெறும் மரமாக விடவேண்டும் என்பார் ஒருசாரார். உள்ளே மட்டும் பூசினால் இரண்டு முகமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் குடித்து மெல்லிய பலகை வளையும் என்பார் மறுசாரார். நான் பின்னவர் பக்கம் சாய்கிறேன். வெளிமுகத்துக்கும் அதே நீர்த்த அரக்கை ஒரே ஒரு பூச்சு விட்டு, உலர்ந்தபின் மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தடவை வருடிவிட்டால், கனமும் ஏறுவதில்லை, பலகையும் சமநிலையில் இருக்கிறது. ஆனால் பாரம் தாங்கி ஓடுகிற கீழ்விளிம்பு, ஓடுசட்டத்தின் மேற்பரப்பு, இழுக்கும்போது இழுப்பறை முன்பக்கம் தொங்காமல் தடுக்கும் மேற்சட்டத்தின் அடிப்பரப்பு ஆகிய இந்த மூன்று இடங்களிலும் அரக்குக்கூடப் படக்கூடாது. பாரத்தின் கீழ் உராயும் இடத்தில் எந்தப் பூச்சும் நாளடைவில் பொடியாகத் தேய்ந்து, அந்தப் பொடியே அடுத்த உராய்வுக்கு மணலாகிவிடும்.

அங்கே வேண்டியது மெழுகு. கெட்டியான, வறண்ட பாரஃபின் மெழுகு, அதாவது சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி, நான் சோதித்தவற்றுள் முதன்மையானது. தேன்மெழுகு வாசனையாலும் நிறத்தாலும் மனத்துக்கு இனியது. ஆயினும் அதிலே ஒரு மெல்லிய பசைத்தன்மை உண்டு. முகப்பை மினுக்குவதற்கு அது உத்தமம், ஓடும் விளிம்புக்கு மத்திமம். சோப்புக் கட்டி முதல் நாள் அற்புதமாக வேலை செய்கிறது. ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணத்தால் மழைக்காலத்தில் குழைந்து கைவிட்டுவிடுகிறது. முகப்பவுடர் தூவுவது அவசரத்துக்கு உதவும் உபாயம். பென்சில் கரி வழுக்கும், ஆனால் தொட்ட துணியெல்லாம் கறுக்கும். நம் வீடுகளில் சிக்கிய இழுப்பறைக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் எல்லோரும் விட்டுவிடவேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். அது மரத்திலே ஊறி, தூசியைச் சேர்த்து, சில மாதங்களில் கறுத்த பிசினாகிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுக்கும் வேதனையை நான் அறிவேன். சிலிகோன் தெளிப்பான்களும் வேண்டாம். அவை ஒருமுறை பட்ட மரத்திலே பிற்காலத்தில் எந்தப் பூச்சும் சரியாகப் பிடிப்பதில்லை.

மெழுகை எல்லாம் முடிந்தபின்பே தேய்க்கவேண்டும். மெழுகு பட்ட இடத்தில் பசையும் ஒட்டாது, அரக்கும் நிற்காது. தேய்த்தபின் முரட்டுத் துணியால் அழுத்தித் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவே மிஞ்சும்படி செய்யவேண்டும்; கட்டிக்கட்டியாக விட்டால் தூசி சேரும்.

ஓடும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து முடிப்பதா, இழைப்புளியால் முடிப்பதா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. உப்புத்தாள் விளிம்பை உருட்டிவிடுகிறது; அதன் நுண்மணல் மரத்தின் நரம்பிலே தங்கி, ஓடும்போதெல்லாம் அரம்போல அராவுகிறது. கூர்மையான இழைப்புளி விட்டுச்செல்லும் பரப்பு, அறுபட்ட நரம்புகள் சுத்தமாக மூடிய, பட்டுப்போன்ற பரப்பு. கலிபோர்னியாவில் பல வருஷம் தொழில் கற்பித்த ஜேம்ஸ் கிரெனோவ், தம் கையாலேயே மர இழைப்புளிகளைச் செய்துகொண்டு, சீவிய பரப்பின்மேல் உப்புத்தாள் போடுவதைக் கூடியவரையில் தவிர்த்தார். இதில் அவர் கட்சியே என் கட்சி. கூட்டின் வாயைவிட உட்புறம் ஒரு காகித அளவு அகலமாக இருக்கும்படி அமைத்து, இழுப்பறையை நுழைத்து எடுத்து, மின்னிய இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுத்து, மீண்டும் நுழைத்து, இப்படி இருபது தடவையானாலும் பொறுமையோடு செய்கிறவருக்குக் கடைசியில் ஒரு நிமிஷம் வாய்க்கிறது: நேற்றுவரை முக்கி முனகிய பெட்டி, உள்ளங்கையால் தொட்டதும் ஒரு பெருமூச்சோடு உள்ளே போய், தடைக்கட்டையிலே மெதுவாக ‘தொப்’ என்று நிற்கும். அந்த ஒலியைக் கேட்ட தச்சர் முகத்தில் தோன்றும் திருப்தியை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு மெழுகிட்டாலும் மரம் தேயத்தான் செய்யும். ஓடுசட்டத்திலே வாய்க்கால் விழுந்து, பக்கப்பலகையின் கீழ்விளிம்பு பின்பக்கம் சரிந்துவிட்டால், அந்த இழுப்பறையை எறிந்துவிடவேண்டியதில்லை. தேய்ந்த விளிம்பை நேராகச் சீவி எடுத்துவிட்டு, அதே ஜாதி மரத்தில், நார் ஒரே போக்கிலே ஓடும்படி ஒரு கீற்றை ஒட்டி, பழைய உயரத்துக்கு இழைத்துக் கொடுத்துவிட்டால், இன்னொரு தலைமுறைக்குக் கவலையில்லை. என் தகப்பனாரின் மேசைக்கும் இந்த ஒட்டுப் போட்டாகிவிட்டது. அந்த மேல் இழுப்பறையைக் கவிழ்த்தால், கிழ ஆசாரியின் பென்சில் கோட்டுக்கருகே ‘ஐப்பசி’ என்ற எழுத்து மங்கலாக இன்னும் தெரிகிறது. அடுத்த வருஷம் வெயிலிலே நான் மேல் இடைவெளியில் தபால் கார்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, அதன் கீழே ‘சித்திரை, கார்டு மூன்று’ என்று எழுதிவைத்தேன்.